எதிர்வாக்குக்குக் காரணம் கேட்கலாமா? நான்கு வழிகளின் ஒப்பீடு

ஓர் இணையக் குழுமத்தை நடத்துபவரிடம் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு கோரிக்கைகள் அடிக்கடி வந்து சேர்கின்றன. பொறுமையாக எழுதிய பதிலுக்கு ஒரு சொல்கூட இல்லாமல் மூன்று எதிர்வாக்குகள் விழுந்திருப்பதைப் பார்த்த உறுப்பினர், என்ன குறை என்பதைச் சொல்லிவிட்டு வாக்களிக்கட்டும் என்று கேட்கிறார். தவறான பதில்களை நெடுங்காலமாகக் கீழே இறக்கிவரும் இன்னோர் உறுப்பினர், ஒவ்வொரு முறையும் விளக்கம் எழுதச் சொன்னால் வாக்களிப்பதையே விட்டுவிடுவேன் என்கிறார். இருவர் பக்கமும் நியாயம் இருப்பதால், டவுன்வோட் எனப்படும் பெயரற்ற எதிர்வாக்குக்குக் காரணத்தைக் கட்டாயமாக்குவதா என்ற கேள்வி முடிவில்லாமல் இழுபடுகிறது. விதியை எழுதும் பொறுப்பில் இருப்பவர்களை மனத்தில் வைத்து, நடைமுறையில் உள்ள நான்கு வழிகளை இங்கே எடைபோடுகிறேன்.

## எதிர்வாக்கு செய்யும் மூன்று வேலைகள்

ஒரே பொத்தான் மூன்று வெவ்வேறு வேலைகளைச் செய்கிறது. முதலாவது வரிசைப்படுத்தல்: நல்ல பதில் படிப்பவரின் கண்ணில் முதலில் படவும், மோசமானது பின்னுக்குப் போகவும் அது உதவுகிறது. இரண்டாவது மதிப்பீடு: எழுதியவருக்கு, இதில் ஏதோ சரியில்லை என்ற செய்தியைக் கொண்டுபோகிறது. மூன்றாவது தண்டனை: புள்ளி குறைகிறது, பதிவு மங்குகிறது அல்லது மறைகிறது, சில இடங்களில் எழுதும் உரிமையே சுருங்குகிறது. நிரலாளர்களுக்கான கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் தொடர்ந்து எதிர்வாக்கு வாங்கும் கேள்விகளை இடுபவருக்கு, மேற்கொண்டு கேள்வி கேட்க முடியாதபடி தானியங்கித் தடை விழுவதும் உண்டு.

வரிசைப்படுத்துவதற்குக் காரணம் தேவையில்லை. போதுமான எண்ணிக்கையில் வாக்குகள் இருந்தால் போதும். மதிப்பீடு என்று வரும்போது காரணமில்லாத வாக்குக்கு அநேகமாகப் பயனே இல்லை. தண்டனை என்று வரும்போதோ, எதற்காகத் தண்டிக்கப்பட்டோம் என்று தெரிந்துகொள்ளும் உரிமை ஒருவருக்கு இருந்தாக வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். இந்த விவாதத்தில் இரு தரப்பும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம், ஒருவர் வரிசைப்படுத்தலையும் மற்றவர் தண்டனையையும் நினைத்துக்கொண்டு பேசுவதுதான். ஆகவே குழுமத்தின் பொறுப்பாளர்கள் தங்கள் தளத்தில் இந்தப் பொத்தான் உண்மையில் என்னென்ன விளைவுகளை ஏற்படுத்துகிறது என்பதை முதலில் எழுதிப் பார்க்க வேண்டும்.

## எவற்றைக் கொண்டு அளப்பது

கீழ்க்காணும் ஐந்து அளவுகோல்களை எடுத்துக்கொள்கிறேன்.

- வாக்குகளின் போதுமை: தவறான பதிவு உரிய நேரத்தில் கீழே இறங்குவதற்குத் தேவையான வாக்குகள் விழுமா?
- எழுதியவருக்குக் கிடைக்கும் பயன்: தன் பதிவைத் திருத்திக்கொள்வதற்கு அவருக்கு ஏதேனும் கையில் கிடைக்குமா?
- வாக்களித்தவரின் பாதுகாப்பு: பழிவாங்கலுக்கும் வாக்குவாதத்துக்கும் ஆளாகாமல் அவர் தன் கருத்தைப் பதிவுசெய்ய முடியுமா?
- முறைகேட்டைத் தாங்கும் திறன்: கூட்டமாக வந்து ஒருவரைக் குறிவைத்து வாக்கிடுவதையும், தனிப்பட்ட பகையில் வாக்கிடுவதையும் அந்த முறை எவ்வளவு தடுக்கும்?
- மட்டுறுத்துநரின் (பதிவுகளைக் கண்காணித்து ஒழுங்குபடுத்துபவரின்) சுமை: இந்த விதியைக் காப்பாற்ற யார், எவ்வளவு நேரம் உழைக்க வேண்டியிருக்கும்?

## முதல் வழி: காரணம் கேட்காமல் விடுதல்

2005இல் தொடங்கிய ரெடிட், 2007இல் தொடங்கிய ஹேக்கர் நியூஸ் போன்ற, இணைப்புகளைப் பகிர்ந்து விவாதிக்கும் தளங்களில் இருப்பது இதுதான். ஒரு சொடுக்கில் வாக்கு முடிந்துவிடுவதால் வாக்குகளுக்குப் பஞ்சமில்லை. வாக்களித்தவர் யாரென்று தெரியாததால் அவருக்கு ஆபத்தும் இல்லை. மட்டுறுத்துநர் படித்துப் பார்க்க வேண்டிய எழுத்து எதுவும் கூடுதலாக உருவாவதில்லை.

எதிர்வாக்கு எளிதாக இருப்பதில் வெளிப்படையாகத் தெரியாத ஒரு நன்மையும் இருக்கிறது. 2013இல் முச்னிக், ஆரல், டெய்லர் ஆகியோர் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், ஒரு செய்தித் தளத்தின் பின்னூட்டங்களுக்கு அவை பதிவான உடனேயே எவ்விதத் தேர்வுமின்றி ஒரு வாக்கை ஆய்வாளர்கள் இட்டுப் பார்த்தார்கள். செயற்கையாக ஓர் ஆதரவு வாக்கு பெற்ற பின்னூட்டங்களின் இறுதி மதிப்பெண் சராசரியாக 25 விழுக்காடு உயர்ந்தது. செயற்கையான எதிர்வாக்கையோ, பின்னால் வந்தவர்கள் தங்கள் ஆதரவு வாக்குகளால் சரிசெய்துவிட்டார்கள். கூட்டத்தின் இயல்பான சாய்வு பாராட்டின் பக்கமே இருக்கிறது என்பதும், நியாயமற்ற ஒற்றை எதிர்வாக்கு நாம் அஞ்சும் அளவுக்கு நிலைத்து நிற்பதில்லை என்பதும் இதிலிருந்து தெரிகின்றன. எதிர்வாக்குக்கு மட்டும் தடை போடும்போது, முன்பே ஒரு பக்கம் சாய்ந்திருக்கும் தராசை இன்னும் சாய்க்கிறோம் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

இந்த வழிக்கு மறைமுகச் செலவு இல்லாமல் இல்லை. செங், டனெஸ்கு-நிகுலெஸ்கு-மிசில், லெஸ்கோவெட்ஸ் ஆகியோர் 2014இல் நான்கு செய்தித் தளங்களின் பின்னூட்டக் குழுமங்களை ஆராய்ந்தபோது, எதிர்வாக்கு வாங்கியவர்கள் எழுதுவதைக் குறைக்கவில்லை. முன்பைவிட அதிகமாக எழுதினார்கள், அவர்களது எழுத்தின் தரமோ குறைந்தது, மற்றவர்களுக்கும் எதிர்வாக்கிடும் போக்கு அவர்களிடம் கூடியது. விளக்கம் கொடுத்திருந்தால் நிலைமை மாறியிருக்குமா என்பதை அந்த ஆய்வு சோதிக்கவில்லை. ஆயினும், பேசாத எதிர்வாக்கு ஒருவரைத் திருத்தும் என்ற நம்பிக்கையை அது பெரிதும் அசைத்துவிடுகிறது. மேலும், காரணம் சொல்லப்படாத இடத்தில் எழுதியவர் ஒரு காரணத்தைத் தானே கற்பித்துக்கொள்கிறார். பெரும்பாலும் அது பொறாமை, கும்பல் மனப்பான்மை, தன்மீதான வெறுப்பு என்றே முடிகிறது. பிறகு “எதற்காக எதிர்வாக்கு?” என்ற மறுமொழிகள் குவிகின்றன. வாக்குகளைப் பற்றி மறுமொழி எழுத வேண்டாம், அதனால் பயனில்லை, படிப்பவர்களுக்கும் சலிப்பு என்று ஹேக்கர் நியூஸ் தன் வழிகாட்டுதலில் சொல்லவேண்டி வந்ததே இந்தச் செலவுக்குச் சான்று.

பதிவுகள் வெள்ளமாக வரும் பெரிய தளங்களுக்கும், எதிர்வாக்கினால் பதிவின் இடம் மட்டும் மாறி வேறெந்த இழப்பும் நேராத தளங்களுக்கும் இதுவே பொருத்தமானது.

## இரண்டாம் வழி: எழுத்தில் விளக்கத்தைக் கட்டாயமாக்குதல்

நியாயமாகத் தோன்றுவதிலும் பெருமளவில் கோரப்படுவதிலும் இதுவே முதலிடத்தில் இருக்கிறது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் இக்கோரிக்கை அத்தளத்தின் தொடக்க ஆண்டுகளிலிருந்தே எழுந்துகொண்டிருக்கிறது. இன்றுவரை அது கட்டாயமாக்கப்படவில்லை. ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, இந்த விதி நடைமுறைக்கு வந்த மறுநாள் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஆதரவு வாக்குக்கு ஒரு நொடியும் எதிர்வாக்குக்கு இரண்டு நிமிடமும் ஆகும் என்றால், எதிர்வாக்கு அரிதாகிவிடும். அப்படி அரிதாவது தீய நோக்கமுள்ள வாக்குகள் மட்டுமாக இருந்தால் நல்லதுதான். ஆனால் முதலில் விலகுவது பொதுநலத்துக்காக நேரம் ஒதுக்கிக்கொண்டிருந்தவர்களே. பகையுள்ளவருக்கு எழுதுவதற்கான உந்துதல் எப்போதும் இருக்கிறது. மருந்தின் அளவு, மின் இணைப்பு, கடவுச்சொல் பாதுகாப்பு போன்றவற்றில் தவறான ஒரு பதில் மேலேயே நீடித்தால், அதை எழுதியவரின் மனவருத்தத்தைவிடப் பெரிய தீங்கு, அதை நம்பிச் செயல்படும் முகமறியா வாசகருக்கு நேர்கிறது. அந்த வாசகர் இந்த விவாதத்தில் ஒருபோதும் குரல் எழுப்புவதில்லை என்பதாலேயே அவருக்காக நாம் பேச வேண்டியிருக்கிறது.

அடுத்து, கட்டாயத்தால் வரும் விளக்கத்தின் தரம். குறைந்தபட்ச எழுத்து எண்ணிக்கையை வைத்தால் அந்த எண்ணிக்கைக்குச் சரியாகப் புள்ளிகளும் பொருளற்ற எழுத்துகளும் நிரப்பப்படும். “பயனில்லை”, “தவறு” என்ற ஒற்றைச் சொற்கள் காரணம் என்ற பெயரில் வந்து நிற்கும். ஒரு விளக்கம் உண்மையானதா என்பதை மென்பொருளால் உறுதியாகச் சொல்ல முடியாது. எனவே அந்த வேலை மட்டுறுத்துநரின் தலையில் விழுகிறது.

ஒரே குறைக்காகப் பத்துப் பேர் எதிர்வாக்கிடும் நிலையையும் பார்க்க வேண்டும். முதலாமவர், கேள்வி கேட்டவரிடம் இருக்கும் பதிப்பில் இந்தக் கட்டளை வேலை செய்யாது என்று தெளிவாக எழுதிவிட்டார் என்றால், மீதி ஒன்பது பேர் அதையே மாற்றி மாற்றி எழுதுவதால் யாருக்கும் நன்மை இல்லை. பத்து விளக்கங்களையும் வரிசையாகப் படிக்கும் புதியவருக்கு அது கூட்டமாகக் கூடி வைதது போலவே இருக்கும். இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள், முன்பே சொல்லப்பட்ட காரணத்தைச் சுட்டி அதனோடு தன் வாக்கை இணைக்கும் வசதியைக் கட்டாயம் செய்துதர வேண்டும். விளம்பரக் குப்பைக்கும் வெறும் வசைக்கும் விளக்கம் கேட்பதும் பொருளற்றது. அவற்றுக்குத் தனிப் புகார் வழி வேண்டும்.

எல்லாவற்றிலும் சிக்கலானது பெயரின்மை. விளக்கத்தை உறுப்பினரின் பெயரோடு பொதுவில் வெளியிட்டால் வாக்கு பெயரற்றதாக இருக்காது. எழுதியவர் அவருடைய பழைய பதிவுகளைத் தேடிப் போய் எதிர்வாக்கிட முடியும், நட்பு கெடும் என்ற தயக்கத்திலும் பலர் வாக்களிக்காமல் இருந்துவிடுவார்கள். பெயரை மறைத்து வெளியிட்டாலோ வேறொரு தொல்லை வருகிறது. ஓர் எண்ணால் ஒருவரை வசைபாட முடியாது. கையொப்பமில்லாத ஒரு வாக்கியத்தால் முடியும். எதிர்வாக்கைப் பொறுப்புள்ளதாக்க நினைத்துத் திறந்த பெட்டியே பெயரில்லாத அவதூறுகள் வந்துசேரும் இடமாகிவிடலாம். இது போதாதென்று, முப்பது நாற்பது பேர் மட்டும் புழங்கும் குழுமத்தில் எழுத்து நடையை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பெயரின்மையும் காரணமும் ஒருசேர இயங்கும் இடம் ஒன்று உண்டு: ஆய்விதழ்களின் மதிப்புரை முறை. அங்கே மதிப்புரையாளர் யாரென்று கட்டுரையாளருக்குத் தெரியாது. ஆயினும் நிராகரிப்புக்கு விரிவான காரணங்களை அவர் எழுதித் தருகிறார். அது நடப்பதற்குக் காரணம், மதிப்புரையாளரின் அடையாளம் பதிப்பாசிரியருக்குத் தெரியும், ஒரு கட்டுரைக்கு இரண்டு மூன்று பேர் போதும், தரக்குறைவான மதிப்புரையைப் பதிப்பாசிரியர் தடுத்து நிறுத்த முடியும். இந்த மூன்று நிபந்தனைகளும் நிறைவேறும் குழுமங்களில் இரண்டாம் வழி நன்றாகவே நடக்கும்: எழுத்துப் பயிலரங்குகள், நிரல்களை மதிப்பாய்வு செய்யும் குழுக்கள், ஒரு துறையின் வல்லுநர்கள் மட்டும் கூடும் சிறு வட்டங்கள். அங்கே குறையைச் சொல்வதுதான் வந்தவர்களின் வேலையே.

## மூன்றாம் வழி: பட்டியலிலிருந்து காரணத்தைத் தேர்ந்தெடுத்தல்

எழுதத் தேவையில்லை, நான்கைந்து காரணங்களில் ஒன்றைத் தொட்டால் போதும். 1997இல் தொடங்கிய தொழில்நுட்பச் செய்தித் தளமான ஸ்லாஷ்டாட் இதன் முன்னோடிகளில் ஒன்று. அங்கே மதிப்பிடும் உரிமை எல்லோருக்கும் எப்போதும் கிடைப்பதில்லை. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குச் சில புள்ளிகள் மட்டும், குறிப்பிட்ட நாள்களுக்குள் செலவழிக்கும்படி தரப்பட்டன. மதிப்பெண்ணைக் குறைப்பவர் ‘தலைப்புக்குத் தொடர்பில்லாதது’, ‘சண்டை மூட்டுவது’, ‘வம்பிழுப்பது’, ‘சொன்னதையே சொல்வது’ போன்றவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தத் தேர்வு நியாயமானதா என்பதை வேறு உறுப்பினர்கள் மதிப்பிடும் இரண்டாம் அடுக்கும் சேர்க்கப்பட்டது. 2012இல் தொடங்கிய லாப்ஸ்டர்ஸ் தளமும் மறுமொழியைக் கீழே இறக்குபவரிடம் ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது.

இந்த முறையின் வலிமை பட்டியலில் இல்லாத காரணத்தில் இருக்கிறது. ‘எனக்கு உடன்பாடில்லை’ என்பது பட்டியலில் இல்லாதபோது, உடன்பாடின்மைக்காக எதிர்வாக்கிட வந்தவர் ஒரு நொடி நிற்கிறார். நேர்மையானவராக இருந்தால் திரும்பிவிடுகிறார். எத்தனை பக்கங்களுக்கு விதிமுறை எழுதி வைத்தாலும் கிடைக்காத விளைவு இது, ஏனெனில் வாக்களிக்கும் அதே கணத்தில் விதி கண்ணெதிரே வந்து நிற்கிறது. எழுதியவருக்கும் ‘ஆதாரம் இல்லை’ என்று நான்கு பேரும் ‘கேள்விக்குப் பதிலாக இல்லை’ என்று ஒருவரும் சொல்லியிருப்பது தெரிந்தால், எங்கே தொடங்கித் திருத்துவது என்பது புரியும். பெயரும் நடையும் வெளிப்படாததால் வாக்களித்தவருக்குப் பாதுகாப்பு குறையவில்லை. சொந்தச் சொற்கள் இல்லாததால் வசைக்கும் இடமில்லை. எழுதுவதில் தயக்கமுள்ள, படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய உறுப்பினர்களும் பங்கேற்க முடியும்.

குறைகளும் உள்ளன. தன் உண்மையான காரணம் பட்டியலில் இல்லாதவர், இருப்பதில் நெருங்கியதைத் தொட்டுவிட்டுப் போவார். சோம்பலானவர் முதலில் இருப்பதையே தொடுவார். அப்போது எழுதியவருக்குக் கிடைப்பது பொய்யான காரணம், அது காரணமின்மையைவிடக் குழப்பமானது. உடன்பாடின்மையை வெளியேற்றிவிட்டு அதற்கு வேறு வழி தராவிட்டால், அது ‘தலைப்புக்குத் தொடர்பில்லாதது’ என்ற வேடத்தில் திரும்பி வரும். லெஸ்ராங் தளம் 2022இல் மறுமொழிகளுக்கு இரண்டு தனித்தனி வாக்குகளைக் கொண்டுவந்தது: ஒன்று பதிவின் தரத்துக்கு, மற்றொன்று கருத்தோடு உடன்படுவதற்கு அல்லது மறுப்பதற்கு. “ஏற்கவில்லை, ஆனால் நன்றாக எழுதியிருக்கிறார்” என்று சொல்வதற்கு வழி இருக்கும்போது, காரணப் பட்டியல் தன் வேலையை ஓரளவு நேர்மையாகச் செய்ய முடியும்.

பட்டியலை எழுதுவதில்தான் பெரும்பாலான குழுமங்கள் சறுக்குகின்றன. ஒவ்வொரு காரணமும் பதிவைக் குறிக்க வேண்டும், எழுதியவரின் குணத்தைக் குறிக்கக் கூடாது. ‘வம்பிழுப்பது’ என்பது மனிதரைப் பற்றிய தீர்ப்பு. ‘ஆளைத் தாக்குகிறது’ என்பது பதிவில் சுட்டிக்காட்டக்கூடிய ஒன்று. ஸ்லாஷ்டாட்டில் இருந்த ‘மிகையாக மதிப்பிடப்பட்டது’ போன்ற காரணத்தையும் தவிர்ப்பது நல்லது, ஏனென்றால் அது பதிவின் எந்தக் குறையையும் சொல்லாமல் மதிப்பெண்ணோடு மட்டும் சண்டை போடுகிறது.

## நான்காம் வழி: காரணத்துக்குப் பதிலாக விலையும் தகுதியும்

விளக்கம் கேட்காமலேயே எதிர்வாக்கை யோசித்துச் செய்ய வைப்பது இதன் நோக்கம். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் 125 நன்மதிப்புப் புள்ளிகளைச் சேர்த்த பிறகே எதிர்வாக்கிட முடியும். ஒரு பதிலுக்கு எதிர்வாக்கிட்டால் பதில் எழுதியவருக்கு 2 புள்ளிகள் குறைவதோடு, வாக்களித்தவரும் தன் 1 புள்ளியை இழக்கிறார். ஹேக்கர் நியூஸில் மறுமொழிகளுக்கு எதிர்வாக்கிட 500 புள்ளிகள் வேண்டும். புதிதாகக் கணக்குத் தொடங்கிக் கூட்டமாக வந்து தாக்குபவர்களை இது மற்ற மூன்று வழிகளையும்விட நன்றாகத் தடுக்கிறது. எழுதியவருக்கு இதனால் எந்தச் செய்தியும் கிடைப்பதில்லை. நெடுநாள் உறுப்பினர்களின் கையில் அதிகாரம் குவிகிறது. தனி வழியாக இதைத் தேர்ந்தெடுப்பதைவிட, மற்றொன்றோடு சேர்ப்பதே நல்லது.

கூட்டத் தாக்குதலுக்கு மருந்தாகவே காரணத்தைக் கட்டாயமாக்க நினைப்பவர்கள், யூடியூப் 2021 நவம்பரில் எடுத்த முடிவையும் கவனிக்கலாம். எதிர்வாக்குப் பொத்தானை அது நீக்கவில்லை, காரணமும் கேட்கவில்லை. எண்ணிக்கையைப் பொதுப் பார்வையிலிருந்து மறைத்துக் காணொளியை உருவாக்கியவருக்கு மட்டும் தெரியும்படி செய்தது. எண் ஏறுவதைப் பார்ப்பதற்காகவே தாக்குபவர்களுக்கு அது ஊக்கத்தைக் குறைக்கும். அதே சமயம், ஏமாற்றும் செய்முறைக் காணொளியை எண்ணைப் பார்த்தே ஒதுக்கிவந்த பார்வையாளர் அந்த எச்சரிக்கையை இழந்தார்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | காரணமின்றி | கட்டாய விளக்கம் | காரணப் பட்டியல் | விலையும் தகுதியும் |
|---|---|---|---|---|
| வாக்குகளின் போதுமை | மிக நன்று | மோசம் | நன்று | ஓரளவு |
| எழுதியவருக்குப் பயன் | மிகக் குறைவு | எழுதுபவரைப் பொறுத்தது | நன்று | மிகக் குறைவு |
| வாக்களித்தவரின் பாதுகாப்பு | மிக நன்று | மோசம் | நன்று | மிக நன்று |
| முறைகேட்டைத் தாங்குதல் | மோசம் | ஓரளவு | ஓரளவு | நன்று |
| மட்டுறுத்துநரின் சுமை | குறைவு | மிக அதிகம் | தொடக்கத்தில் மட்டும் | குறைவு |

## எந்தச் சூழலுக்கு எது

வாசகர்கள் நம்பிச் செயல்படும் பதில்களைத் தரும் கேள்வி பதில் தளத்துக்கு, மூன்றாம் வழியையும் நான்காம் வழியையும் இணைத்துப் பரிந்துரைக்கிறேன்: சிறிது காலம் பங்கேற்றவர்களுக்கு மட்டும் எதிர்வாக்கு உரிமை, தொட்டுத் தேர்ந்தெடுக்கும் காரணம், விரும்பினால் எழுதுவதற்கு ஒரு பெட்டி. காரணங்களின் தொகுப்பு எழுதியவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். பொதுவில் காட்டினால் அது முத்திரை குத்துவதாக மாறும்.

அரசியல், நம்பிக்கை, ரசனை பற்றிய விவாதக் குழுமத்தில் கட்டாய விளக்கம் தனியொரு சண்டைக் களத்தைத் திறந்துவிடும். அங்கே எதிர்வாக்கையே எடுத்துவிட்டு, விதிமீறலுக்கு மட்டும் காரணத்தோடு புகார் செய்யும் வசதியை வைப்பது மேல். இணையக் குழுமங்களை நடத்தப் பயன்படும் டிஸ்கோர்ஸ் மென்பொருள் இயல்பாகவே அப்படித்தான் அமைந்திருக்கிறது: விருப்பம் தெரிவிக்கலாம், காரணத்தைக் குறிப்பிட்டுப் புகார் செய்யலாம், எதிர்வாக்கு கிடையாது.

எதிர்வாக்கு ஒருவரின் எழுதும் உரிமையைப் பறிக்கும் தளங்களில், ஒவ்வொரு வாக்குக்கும் விளக்கம் கேட்பதைவிட, உரிமை பறிபோகும் அந்தக் கட்டத்தில் விளக்கத்தைக் கட்டாயமாக்குவதே சரி. நூறு வாக்காளர்களைச் சுமக்க வைக்காமல், தடையை உறுதிசெய்யும் ஒரு மட்டுறுத்துநர் குறிப்பிட்ட பதிவுகளைச் சுட்டிக் காரணத்தை எழுதித் தர வேண்டும். அதற்கு மேல்முறையீடும் இருக்க வேண்டும். இதில் எந்த விட்டுக்கொடுப்புக்கும் இடமிருப்பதாக நான் நினைக்கவில்லை.

புதியவர்கள் அதிகம் வரும் குழுமங்களில் இன்னொரு சிறு ஏற்பாடும் உதவும்: ஒருவரின் முதல் சில பதிவுகளுக்கு மட்டும் எதிர்வாக்கிடுபவரிடம் காரணம் கேட்கலாம். கூடுதல் உழைப்பு அங்கேதான் அதிகப் பயன் தருகிறது, வாக்காளர்களும் இந்த அளவுக்குச் சலித்துக்கொள்ள மாட்டார்கள்.

எந்த வழியாக இருந்தாலும் மூன்று மாதங்களுக்குச் சோதனையாக வைத்துவிட்டு, மூன்றைக் கவனிக்க வேண்டும்: மொத்த வாக்குகளில் எதிர்வாக்கின் பங்கு எவ்வளவு குறைந்தது, எதிர்வாக்கு பெற்ற பதிவுகளில் எத்தனை அவற்றை எழுதியவர்களால் திருத்தப்பட்டன, காரணங்களைப் பற்றி எத்தனை புகார்கள் வந்தன. எதிர்வாக்கு பாதியாகக் குறைந்தும் திருத்தங்கள் கூடவில்லை என்றால், காரணம் கேட்கும் விதி வாக்காளர்களை விரட்டியிருக்கிறது, எழுதுபவர்களுக்கு உதவவில்லை. அதை நீக்கிவிட வேண்டும். எதிர்வாக்கு சற்றே குறைந்து, திருத்தங்கள் தெளிவாகக் கூடியிருந்தால், பட்டியலில் அதிகம் தொடப்படாத காரணங்களை எடுத்துவிட்டு விதியை நிரந்தரமாக்கலாம்.